நாமே செய்வோம்: சில்லு கழற்றப் பொருத்தமான ஸ்பானர்



எங்கள் மாதர் சங்கத்துச் சகோதரி ஒருவர் வான் ஓட்டிப் பிழைக்கிறார். கணவர் காணாமற் போனவர். இரண்டு பெண் பிள்ளைகள். கடன் எடுத்து, பழைய சுசுக்கி எவரி வான் ஒன்றை வாங்கி, காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவார். பகலில் கிடைக்கும் வாடகைக்குப் போவார். சென்ற மார்கழியில் ஒருநாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு தாயையும் மகனையும் பூநகரியில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். சங்குப்பிட்டிப் பாலத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம். பின்பக்க வலது சில்லில் காற்றுப் போய்விட்டது. நேரம் ஆறேகால். கூட இருந்தது தமக்கையின் மகள் மட்டும்.

அவருக்குச் சில்லு மாற்றத் தெரியும். ஆசனத்தின் கீழே ஜக்கும் ஸ்பானரும் இருந்தன. ஸ்பானரை நட்டில் மாட்டி அழுத்தினார். அது 'கிளிக்' என்று வழுகியது. திரும்பவும் அழுத்தினார், திரும்பவும் வழுகியது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். "நிண்டிருந்தாலும் பயம், போனதும் பயம்" என்று அவர் பிறகு சொன்னார். அதை நான் விளக்கத் தேவையில்லை. இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் சைக்கிளில் வந்த வயதான கடற்றொழிலாளி ஒருவர் நின்றார். நல்ல வலுவான மனிதர். அவரும் முழுப் பலத்தோடு அழுத்திப் பார்த்தார். பிறகு ரோச் லைட் பிடித்து நட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பிள்ளை, உது உந்த வானின்ரை ஸ்பானர் இல்லை மோனை. எத்தினை பேர் வந்து மிதிச்சாலும் நட்டு உருளுமே தவிர கழறாது."

உண்மையும் அதுதான். அவருடைய வானின் நட்டு 19 மில்லிமீற்றர். வானோடு வந்த ஸ்பானர் 21 மில்லிமீற்றர், வேறொரு வாகனத்துக்கு உரியது. வாங்கி இரண்டு வருடமாக அதை ஒருதரம்கூட நட்டில் மாட்டிப் பார்க்கவில்லை. இரவு ஒன்பதரைக்குத்தான் தெரிந்த ஒருவர் சரியான ஸ்பானரோடு வந்து சேர்ந்தார். ஒரு நட்டு முற்றாக உருண்டு போயிருந்ததால் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலைப் பள்ளி ஓட்டமும் போயிற்று.

"பொம்பிளையளுக்கு ரயர் மாத்திற பலம் இல்லை" என்று நம் ஊரில் சொல்லுவார்கள். அந்த இடத்தில் ஒரு ஆணின் பலமும் பலிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த மாதம் அந்த ஸ்பானரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அளவு. எங்கள் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் இரண்டு அளவுகள்தான் வரும். டொயோட்டா, நிசான், மிற்சுபிசி கார், வான்களில் பொதுவாக 21 மில்லிமீற்றர். சுசுக்கி, மாருதி, ஹொண்டா என்றால் பொதுவாக 19. ஆனால் 'பொதுவாக' என்பதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். பழைய வாகனத்தில் யாராவது வேறு நட்டுப் போட்டிருக்கலாம். அலோய் றிம் போட்டவர்கள் நட்டையும் மாற்றியிருக்கலாம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாங்கள் பழையதையே கைமாற்றிக் கைமாற்றி ஓட்டியிருக்கிறோம். கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பானர் காணாமற் போகும், அல்லது வேறொன்று வந்து சேரும்.

யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி எங்களைக் காப்பாற்றியவை அந்தக் கார்கள். அவற்றுக்கு அங்குலக் கணக்கு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர், ஏறக்குறைய 19தான். ஆனால் பதினாறில் பதின்மூன்று அங்குலம் என்பது 20.6 மில்லிமீற்றர். அதில் 21 ஸ்பானரைப் போட்டால் மாட்டும், சற்றே ஆடும். அந்தச் சிறு ஆட்டமே துருப்பிடித்த நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். அப்படியான வண்டி உங்களிடம் இருந்தால் அங்குல ஸ்பானரே வாங்குங்கள்.

ஆகவே கடைக்கு வாகனத்தோடு போங்கள், அல்லது ஒரு நட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். கடைக்காரர் முன்னாலேயே மாட்டிப் பாருங்கள். ஸ்பானரின் வாய் நட்டை முழு ஆழத்துக்கும் மூட வேண்டும். நுனியில் மட்டும் கடித்துக்கொண்டு நின்றால் வேண்டாம். வாயின் உள்ளே ஆறு மூலை உள்ளதை எடுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்ட இலகு. ஆனால் நட்டின் மூலையில் மட்டும் பிடிப்பதால், தேய்ந்த நட்டில் வழுகும். அலோய் றிம் என்றால் நட்டு இருக்கும் குழி ஒடுக்கமாக இருக்கும். மெல்லிய சுவருள்ள சொக்கற் வேண்டும். குரோம் வனேடியம் என்று பொறித்த உருக்கு நல்லது. பொறிப்பை மட்டும் நம்பாமல் பாரத்தையும் கையில் தூக்கிப் பாருங்கள்.

இனி பிடியின் நீளம். இதில்தான் உங்கள் பலம் இருக்கிறது, எனவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். துலாவின் மேலே நடந்தவர் கையால் தண்ணீரைத் தூக்கவில்லை. தன் உடற்பாரத்தை மரத்தின் நுனிக்குக் கொண்டு போனார், வாளி மேலே வந்தது. அலவாங்கால் கல் புரட்டும்போதும் அதைத்தானே செய்கிறோம்? கல்லுக்குக் கிட்டப் பிடித்தால் அசையாது, நுனியில் பிடித்தால் அசையும். ஸ்பானரும் ஒரு சின்ன அலவாங்குதான்.

கணக்கையும் சொல்கிறேன். டொயோட்டா கார் பலவற்றில் சில்லு நட்டை இறுக்க வேண்டிய அளவு 103 நியூட்டன் மீற்றர். எங்கள் பாசையில் சொன்னால், ஒரு மீற்றர் நீளப் பிடியின் நுனியில் பத்தரைக் கிலோவைத் தொங்கவிட்டது போல. அரை மீற்றர் பிடி என்றால் 21 கிலோ. வாகனத்தோடு வரும் கட்டை ஸ்பானரின் பிடி ஏறக்குறைய கால் மீற்றர்தான். அதற்கு 42 கிலோ வேண்டும். இது முறையாக இறுக்கிய நட்டின் கணக்கு. துருப்பிடித்தோ, கராஜில் காற்றுத் துவக்கால் அடித்து இறுக்கியோ இருந்தால் கழற்ற இரண்டு மடங்கும் வேண்டிவரும். கட்டைப் பிடியில் அது 80 கிலோவைத் தாண்டும். 50 கிலோ உள்ள பெண் அதன் மேலே ஏறி நின்றாலும் நட்டு அசையாது. அதே பெண்ணிடம் அரை மீற்றர் பிடியைக் கொடுங்கள். 42 கிலோ போதும், அவருடைய பாரத்திலேயே வேலை முடியும். நெஞ்சு நோக இழுக்கத் தேவையில்லை.

கடையில் நாலு வகை காட்டுவார்கள். 'எல்' எழுத்துப் போல் வளைந்தது மலிவு, கட்டை, வழுகும். வாகனத்தோடு வருவது பெரும்பாலும் இதுதான். சிலுவை போன்றதில் நாலு முனையிலும் நாலு அளவு இருக்கும். இரண்டு கையாலும் ஒருபக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கலாம், நட்டில் இருந்து சரியாது, கழன்ற நட்டை விறுவிறென்று சுழற்றி எடுக்கவும் வசதி. இடம் அடைக்கும் என்பதுதான் குறை. வாங்குவதென்றால் கை நீண்ட பெரிய சிலுவையாகப் பாருங்கள். சின்னது பார்க்க அழகு, பலன் இல்லை. மூன்றாவது, இழுத்தால் நீளும் பிடி. ஓட்டோ, சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு நல்லது, ஆனால் நீட்டிய பிடி பூட்டிக்கொள்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நாலாவது பவர் பார் என்று கேட்டால் தருவார்கள். அரை மீற்றர் உருக்குக் கம்பி, நுனியில் சொக்கற் மாட்டுவது. என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வாகனம் மாற்றினாலும் சொக்கற்றை மட்டும் மாற்றினால் போதும்.

எங்களில் பலருக்குப் போர் உடம்பில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. தோளில் ஷெல் துண்டு உள்ள சகோதரிகள் ஸ்பானரை மேல்நோக்கி இழுக்க வேண்டாம். எப்போதும் கீழ்நோக்கி, கையை மடக்காமல், உடம்பைச் சாய்த்து அழுத்துங்கள். ஒரு கை இல்லாதவருக்குச் சிலுவையைவிடப் பவர் பார்தான் உதவும். செயற்கைக் கால் போட்டவர்கள் ஸ்பானரின் மேல் ஏறி நிற்கவே வேண்டாம். நல்ல காலை நிலத்தில் ஊன்றி, பாரத்தைக் கைகளில் சாய்க்கலாம்.

இனி வேலையைப் பார்ப்போம்.

எங்கே நிறுத்துவது? 2002இல் ஏ9 பாதை திறந்து 2006 ஆகஸ்ற்றில் மூடப்படும் வரை, முகமாலையில் தாரை விட்டு ஓரடி இறங்கக் கூடாது என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். பிறகு அந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றியவர்களில் எங்கள் பெண்களும் நிறையப் பேர். வேறு வாகனங்கள் இறங்கி ஏறிய தடம் தெரியும் இடத்தில் மட்டும் ஓரம் கட்டுங்கள். எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு அடையாளமோ கண்ணில் பட்டால், காற்றில்லாத சில்லோடேயே மெதுவாக ஓட்டிக் கடந்து போங்கள். ரயர் கிழியும், போகட்டும். ரயர் கடையில் வாங்கலாம்.

நிலம் சமனாக இருக்க வேண்டும். ஹான்ட் பிறேக்கை இழுத்து, கியரில் போட்டு, கழற்றப் போகும் சில்லுக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இரண்டு பக்கச் சிக்னல் விளக்கையும் எரிய விடுங்கள். வானில் இருப்பவர்களை இறக்கிவிடுங்கள். சேலைத் தலைப்பையும் சோலையும் இறுகச் செருகிக்கொள்ளுங்கள்.

பலர் விடும் பிழை, முதலில் ஜக் போட்டு உயர்த்துவது. சில்லு அந்தரத்தில் இருக்கும்போது நட்டை அழுத்தினால் சில்லும் சேர்ந்து சுழலும். வண்டி ஜக்கில் இருந்து சரியவும் கூடும். சில்லு நிலத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும்.

எந்தப் பக்கம் சுழற்றுவது என்று குழம்ப வேண்டாம். ஸ்பானரை மாட்டும்போது பிடி உங்கள் இடக்கைப் பக்கம் நிலத்துக்குச் சமாந்தரமாக நீட்டி நிற்கட்டும். கீழே அழுத்துங்கள், கழலும். இறுக்கும்போது பிடி வலக்கைப் பக்கம் நீட்டி நிற்கட்டும். கீழே அழுத்துங்கள், இறுகும். இரண்டிலும் கீழேதான் அழுத்துகிறீர்கள், பக்கம் மட்டும்தான் மாறுகிறது. (பழைய லொறிகள் சிலவற்றில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இதற்கு எதிராகச் சுழலும். லொறி ஓட்டும் சகோதரிகள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.)

கையால் அசையாவிட்டால், வண்டியைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்துப் போட்ட காலைப் பிடியின் நுனியில் வைத்து மெதுவாகப் பாரத்தை ஏற்றுங்கள். குதிக்கக் கூடாது. குதித்தால் ஸ்பானர் தெறித்து முழங்காலைப் பதம் பார்க்கும். இன்னும் அசையாவிட்டால் பிடியின் மேல் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டலாம். இந்தக் குழாய் கழற்ற மட்டும்தான். இறுக்கும்போது அதைத் தொடவே வேண்டாம்.

பண்ணைப் பாலத்தாலும் காரைநகர், ஊர்காவற்றுறைப் பக்கத்தாலும் தினம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று நட்டைத் தின்றிருக்கும். துருவின் மேல் கொஞ்சம் டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பிறேக்கில் பட விடாதீர்கள். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது நட்டுக்கு எண்ணெயோ கிறீசோ பூசுவது நல்லதென்று சிலர் சொல்வார்கள். பூசாதீர்கள். வழுக்கலில் அதே அழுத்தம் நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிடும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தாலே போதும்.

எல்லா நட்டும் தளர்ந்த பிறகு ஜக்கைப் போடுங்கள். மணற்காடு போன்ற மணல் நிலத்திலும், மழைக்குப் பிறகு கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண்ணிலும் ஜக் புதையும். ஒரு அடி சதுரத்தில் தடித்த பலகைத் துண்டொன்றை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். வாகனத்தின் அடியில், ஜக் வைக்கவென்று பலப்படுத்திய இடத்தில்தான் ஜக் நிற்க வேண்டும். வண்டி உயர்ந்ததும், மாற்றுச் சில்லை ஜக்குக்குப் பக்கத்தில் வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். ஜக் சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் விழும். எக்காரணம் கொண்டும் உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

சில்லைக் கழற்றியதும் அதைப் படுக்க வைத்து, மாற்றுச் சில்லை எடுத்துப் பூட்டுங்கள். தூக்கக் கஷ்டமானால் நிலத்தில் இருந்து, பாதத்தைச் சில்லின் கீழே கொடுத்து நெம்பி ஏற்றலாம். நட்டின் கூம்பான பக்கம் உள்ளே போக வேண்டும். முதலில் விரலால் ஏற்றுங்கள். விரலால் ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்ற முயன்றால் புரி பிழைக்கும். எல்லாம் ஏறிய பிறகு ஸ்பானரால் மெதுவாக அணைத்து, வண்டியை இறக்கி, பிறகுதான் கடைசி இறுக்கம். நாலு நட்டென்றால் ஒன்றுக்கு எதிரே மற்றது. ஐந்தென்றால், பிள்ளைகள் கை எடுக்காமல் கீறும் நட்சத்திரம் இருக்கிறதே, அதே வழியில் ஒன்று விட்டு ஒன்று.

எவ்வளவு இறுக்குவது? அரை மீற்றர் பிடி, 21 கிலோ என்று முன்னே சொன்னேன். அது ஏறக்குறைய ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் குறைந்த பாரம். சுசுக்கியின் சின்னக் கார்கள் பலவற்றுக்கு 85 நியூட்டன் மீற்றர்தான், அதாவது அதே பிடியில் 17 கிலோ. வீட்டுத் தராசின் மேல் கையை வைத்து 20 கிலோ காட்டும்வரை அழுத்திப் பாருங்கள். கைக்கு அந்த அளவு பழகிவிடும். அளவு காட்டும் ஸ்பானர் உள்ள கராஜில் பிறகு ஒருதரம் சரி பார்த்தால் நல்லது. 50 தொடக்கம் 100 கிலோமீற்றர் ஓடிய பின் திரும்ப ஒருமுறை நட்டுகளை அழுத்திப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மாற்றினால் கிளிநொச்சியில் பார்க்கலாம்.

கராஜ்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். காற்றுத் துவக்கால் நட்டை அடித்து இறுக்கிவிட்டு அனுப்புகிறீர்கள். வீதியில் தனியே நிற்கப் போவது நீங்கள் அல்ல. சகோதரிகளே, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்: "அண்ணை, கடைசி இறுக்கம் கையாலை தாங்கோ" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உங்கள் ஸ்பானரால் ஒரு நட்டைத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

1990களில் எங்கள் போக்குவரத்தெல்லாம் சைக்கிளில்தான். ரியூப் ஒட்டத் தெரியாத வீடு அப்போது அரிது. சட்டி வாளியில் ரியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிய கைகள் இவை. உலகத்தின் மறுபக்கத்தில், இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடமான 1945இல், பிறகு இங்கிலாந்தின் மகாராணியாக வந்த எலிசபெத்தும் இராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து வாகனம் ஓட்டவும் திருத்தவும் பழகினார். அவருக்கும் யாரோ ஒருவர் ஸ்பானரைக் கையில் கொடுத்துத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

உங்கள் முற்றத்தில், பகலில், பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொண்டு ஒருதரம் முழுவதுமாக மாற்றிப் பாருங்கள். முதல் தடவை ஒரு மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. மாற்றுச் சில்லில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்; காற்றில்லாத மாற்றுச் சில்லோடு வருடக்கணக்கில் ஓடும் வண்டிகள் எத்தனையோ. மாற்றுச் சில்லு மற்றவற்றை விட ஒடுக்கமாக இருந்தால், அதில் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேலே போகக் கூடாது. அதற்கு 60 பவுண்ட் காற்று வேண்டும்.

சங்குப்பிட்டிச் சகோதரியின் வானில் இப்போது ஆசனத்தின் கீழே ஒரு உரப்பை இருக்கிறது. அதில் பவர் பார், 19 சொக்கற், கம்பித் தூரிகை, பலகைத் துண்டு, பழைய சப்பாத்து ஒரு சோடி, ரோச் லைட். சென்ற மாதக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து காட்டினார். பன்னிரண்டு வயது மூத்த மகள்தான் நட்டைத் தளர்த்திக் காட்டினாள். 34 கிலோதான் பிள்ளை.

அடுத்த இதழில் பற்றரி பற்றி எழுதுகிறேன். கேள்விகள் இருந்தால் இம்மாதம் முடிவதற்குள் அனுப்பி வையுங்கள்.